மெத்தட்ஸை முதலில் திருத்து

அன்புள்ள பாப்பா,

கட்டுரை வரைவு வந்து சேர்ந்தது. தெருமுனைக் கடையில் பிரின்ட் எடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். திரையில் படித்தால் பாதிக் குறை எனக்குத் தெரிவதில்லை. போனில் சொன்னால் ஒவ்வொரு வரிக்கும் நீ பதில் சொல்லிக்கொண்டே இருப்பாய், அதனால்தான் கடிதம். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வா.

நல்ல வேலை செய்திருக்கிறாய். பக்கவாதம் என்றால் முதல் நாலரை மணி நேரத்தைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்து, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு வரும் வருஷங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. அந்த வருஷங்களைச் சுமக்கிற மனைவிகளையும் மருமகள்களையும் தேடி, திருவண்ணாமலைச் சமவெளிக்கும் ஜவ்வாது மலைக்கும் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறாய். அவர்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

ஆனால் பாப்பா, டிஸ்கஷன் அத்தனை பக்கம் போகிறது, ஆய்வை எப்படிச் செய்தாய் என்று சொல்ல வேண்டிய மெத்தட்ஸ் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. உன் கோபம், உன் படிப்பு எல்லாம் கடைசிப் பகுதியில் கொட்டிக் கிடக்கிறது. துறையில் இருந்த காலத்தில் நானும் பல இதழ்களுக்கு ரிவ்யூ பார்த்தவள். தலைப்பு, அப்ஸ்ட்ராக்ட், அப்புறம் நேரே மெத்தட்ஸ், அப்படித்தான் படிப்போம். அங்கே ஒரு சந்தேகம் விழுந்தால் மீதி முழுவதையும் அதே சந்தேகத்தோடுதான் புரட்டுவோம். யார், யாரிடம், யார் வீட்டில், எப்படிப் போய், என்ன கேட்டார்கள் என்பது தெளிவாக இருந்துவிட்டால், முடிவுரையில் நீ குரலை உயர்த்தவே வேண்டியதில்லை.

முதலில் இடம். "மாநில அரசுத் திட்டம் ஒன்றின் கீழ் வீட்டிலேயே சிகிச்சை கிடைக்கிறது" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாய். உன் கட்டுரையைப் படிக்கப்போகிற எடிட்டர் இங்கிலாந்திலோ கனடாவிலோ உட்கார்ந்திருப்பார். இங்கிலாந்தில் 2014 கேர் ஆக்ட் வந்த பிறகு, நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கே என்ன உதவி தேவை என்று உள்ளாட்சி மன்றம் மதிப்பீடு செய்ய வேண்டும். அந்த ஊர்க்காரருக்கு "வீட்டுச் சிகிச்சை" என்றதும் சீருடை போட்டு, சம்பளம் வாங்கி, காரில் வந்து இறங்கும் ஒருவர்தான் மனதில் வருவார். நம் ஊரில் 2007 மூத்த குடிமக்கள் சட்டம் பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. அந்தக் கடமையை ராத்திரி பகலாகச் செய்கிற மருமகளுக்கு யார் என்ன செய்வார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாவிட்டால் உன் பெண்கள் பேசுவதன் கனம் அவர்களுக்குப் புரியாது.

அதனால் அந்தத் திட்டத்தை, மக்களைத் தேடி மருத்துவத்தை, பெயர் சொல்லி ஒழுங்காக அறிமுகப்படுத்து. 2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிபி, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருவது மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். வலி தணிப்புக்கு நர்ஸ், உடற்பயிற்சிக்குப் பிசியோ. யார் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னதை முடிவுகள் பகுதியில் வை. திட்டம் எப்படி நடக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுது. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்திருக்கிறாய், எது அரசாணை, எது நடப்பு என்றே தெரியவில்லை. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கையும் சேர். 3,000 என்றதும் மலைக்காரர்களுக்கு வசதி அதிகம் என்று நினைத்துக்கொள்வார்கள். குக்கிராமத்துக்கும் நிலையத்துக்கும் நடுவில் இருக்கிற மலைப்பாதையைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். இவ்வளவும் ஒரு பத்தியில் அடங்கும். 1939 சென்னைப் பொது சுகாதாரச் சட்டத்திலிருந்து ஆரம்பித்துவிடாதே. நீ ஆரம்பிப்பாய், எனக்குத் தெரியும்.

அடுத்தது நேர்காணல். "பங்கேற்பாளர்களின் வீடுகளில் தனிமையில் நடத்தப்பட்டது" என்று எழுதியிருக்கிறாய். எந்த வீட்டில் தனிமை இருந்தது? ஒரே அறை, அதில் கட்டில், கட்டிலில் மாமனார். உன் குறிப்புகளிலேயே இருக்கிறது: ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கும்போது மாமியார் முறத்தை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார், அதற்கப்புறம் அந்தப் பெண் "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்று முடித்துவிட்டாள். அதை ஏன் மறைக்கிறாய்? நேர்காணல் ஆய்வுகளில் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று 2007-இல் வந்த கோரெக் பட்டியலில் 32 கேள்விகள் உண்டு. நேர்காணலின்போது வேறு யாராவது கூட இருந்தார்களா என்பது அதில் ஒன்று. பட்டியலை நிரப்பி, பக்க எண் போட்டு இணைக்கத்தான் போகிறாய். கடைசி நாள் ராத்திரி டிக் அடிக்கிற படிவமாக அதை நினைக்காதே. ஒவ்வொரு கேள்வியாக எடுத்து உன் மெத்தட்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பார். யார் வீட்டில் யார் கூட இருந்தார்கள், எந்தப் பேச்சு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நடந்தது, எது தண்ணீர்க் குழாயடியில் நடந்தது என்று எழுது. ரிவ்யூவர் குறை சொல்ல மாட்டார். இவள் உண்மையிலேயே போயிருக்கிறாள் என்று நம்புவார்.

நீ யார் என்பதும் வேண்டும். கிராம சுகாதார நர்ஸ் (விஎச்என்) கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்தார் என்றால், அந்த வீட்டுக்காரர்களுக்கு நீ கவர்மென்ட் ஆள்தான். ரேஷன் கார்டையும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் எடுத்து உன் மடியில் வைத்திருப்பார்கள். உதவித்தொகைக்கு எழுதத்தான் வந்திருக்கிறாய் என்று நினைப்பவர் திட்டத்தைக் குறை சொல்வாரா? இல்லை, கஷ்டத்தைக் கூட்டித்தான் சொல்வாரா? இரண்டும் நடக்கும். எப்படி நடந்தது, நீ என்ன விளக்கம் சொன்னாய், டாக்டர் வீட்டுப் பெண் என்று எத்தனை பேருக்குத் தெரியும், எல்லாவற்றையும் நாலு வரியில் சொல்லிவிடு.

பகுப்பாய்வில், பேச்சிலிருந்து பொதுக் கருத்துகளை (தீம்) எடுக்க பிரானும் கிளார்க்கும் 2006-இல் எழுதிய முறையைப் பின்பற்றியதாகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே "தீம்கள் வெளிப்பட்டன" என்கிறாய். தீம் தானாக எங்கிருந்தும் வெளிப்படாது, ஆய்வாளர்தான் உருவாக்குகிறார் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்களே அவர்கள்தான்! அதோடு கூட, இரண்டு பேர் செய்த கோடிங் (பேச்சின் வரிகளுக்குக் குறிச்சொல் போடுவது) எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கப்பா எண் வேறு கொடுத்திருக்கிறாய். அந்த முறைக்கும் இந்த எண்ணுக்கும் ஒட்டாது. "சாச்சுரேஷன் அடைந்தது", அதாவது இனிக் கேட்டாலும் புதிதாக எதுவும் வராது, என்ற வரியும் அப்படியே. உண்மையில் ஏன் அந்த எண்ணிக்கையில் நிறுத்தினாய்? விசா தேதி வந்துவிட்டது என்பது ஒரு காரணம் என்றால், கிடைத்த தகவலின் செறிவைப் பற்றிப் பேசிவிட்டு, களத்தில் இருந்த காலம் இவ்வளவுதான் என்றும் எழுது.

இப்போது எனக்கு உண்மையிலேயே தூக்கம் கெட்ட இடத்துக்கு வருகிறேன். பெயரை எடுத்துவிட்டு "பங்கேற்பாளர் 7" என்று போட்டுவிட்டாய். சரி. ஆனால் அட்டவணையில் அவருடைய வயது, சாதிப் பிரிவு, வட்டாரம், கணவரின் பழைய வேலை, பக்கவாதம் வந்த வருஷம் எல்லாம் வரிசையாக இருக்கிறது. அந்த வட்டாரத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் பக்கவாதத்தில் படுத்திருக்கிற வீடு எத்தனை இருக்கும்? அதே பெண்தான் மூன்றாவது மேற்கோளில், மைத்துனர் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்கிறாள். கட்டுரை ஓப்பன் ஆக்சஸில், யாரும் காசில்லாமல் படிக்கும்படி, வரப்போகிறது. அந்த மைத்துனரின் மகன் இன்ஜினியரிங் படிக்கிறானோ என்னவோ, கையில் போன் இருக்கிறது, ஆங்கிலம் தெரியும். நாளைக்கு அந்த வீட்டு வாசலில் நடக்கிற பஞ்சாயத்துக்கு நீ லீட்ஸிலிருந்து வந்து நிற்கப்போவதில்லை.

ஆகவே அட்டவணையை உடை. ஆளுக்கு ஒரு வரிசை வேண்டாம். வயதைப் பத்துப் பத்தாகத் தொகுத்து மொத்தக் கணக்காகக் கொடு. மேற்கோளுக்குக் கீழே "மருமகள், சமவெளி" என்ற அளவு போதும். நிலம் பற்றிய வரியை எடுத்துவிட்டாலும் உன் வாதம் நிற்கும், நான் எடுத்துப் பார்த்தேன். எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று மெத்தட்ஸில் ஒரு வாக்கியம் சேர். தரவு எங்கே கிடைக்கும் என்று இதழ் கேட்கும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். பேச்சின் எழுத்துவடிவத்தைப் பொதுவில் போட அவர்களிடம் நீ சம்மதம் வாங்கவில்லை, அதனால் போட முடியாது என்று காரணத்தோடு எழுது. அதை எந்த நல்ல இதழும் ஏற்கும்.

எதிக்ஸ் விஷயத்தில் உன் பல்கலைக்கழக அனுமதி எண் மட்டும் இருக்கிறது. இங்கே உள்ள எதிக்ஸ் கமிட்டியின் எண்ணும் தேதியும் எங்கே? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படிதான் நடந்தாய், கடிதத்தை நானே பார்த்தேன், ஆனால் கட்டுரையில் வரவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் சாட்சி வைத்துக் கைநாட்டு வாங்கியதையும் சேர்.

ஆசிரியர் பட்டியலைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, 1978-இல் வான்கூவரில் கூடினார்களே அவர்கள், நாலு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், கேள்வி வந்தால் பொறுப்பேற்பது. நாலும் சேர்ந்து இருக்க வேண்டும். அறிமுகக் கடிதம் கொடுத்த துறைத் தலைவர் இதில் எதில் வருகிறார்? அவருக்கு நன்றி சொல், போதும். வருத்தப்பட்டால் என்னிடம் பேசச் சொல். ஆனால் மலையில் பாதி நேர்காணலை நடத்தி, கேட்டு எழுதி, உன்னோடு உட்கார்ந்து கோடிங்கும் செய்த அந்தக் கலசப்பாக்கத்துப் பெண் "களப் பணியாளர்களுக்கு நன்றி" என்ற வரியில், பெயர்கூட இல்லாமல் இருக்கிறாள். வரைவை எழுதவில்லையே என்று நீ சொல்வாய். வேலையில் பங்கெடுத்தவருக்கு வரைவைப் படித்துத் திருத்தும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. வாய்ப்பே கொடுக்காமல் எழுதவில்லை என்று கழித்துவிடக் கூடாது. ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் முடிவுகள் பகுதியைத் தமிழில் சொல்லிக் காட்டு. எது தப்பு என்று உன்னைவிட அவளுக்குத்தான் தெரியும். விஎச்என்னுக்குப் பெயர் சொல்லி நன்றி சொல்வதாக இருந்தால் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கு. அரசு வேலையில் இருப்பவர், திட்டத்தைப் பற்றிய விமர்சனத்துக்குப் பக்கத்தில் தன் பெயர் வருவதை விரும்பாமல் போகலாம்.

மற்றவை சில்லறை வேலைகள். பெயர் மறைத்து ரிவ்யூவுக்கு அனுப்பும் இதழ் என்றால் தலைப்புப் பக்கத்தைத் தனிக் கோப்பாக வை, வேர்டு கோப்பின் ப்ராபர்ட்டீஸில் உன் பெயர் உட்கார்ந்திருக்கும், அதையும் நீக்கு. ஆங்கிலத்தைச் செப்பனிட ஏஐ கருவி எதையாவது பயன்படுத்தியிருந்தால் மறைக்காமல் சொல். அப்ஸ்ட்ராக்ட்டைக் கடைசியில் எழுது, அதில் இடமும் காலமும் முறையும் இருக்கட்டும். தலைப்பிலும் தமிழ்நாடு என்று வரட்டும்.

இதழ் விஷயத்தில் ஒன்று. சிறப்பிதழுக்குக் கட்டுரை கேட்டு உனக்கு வந்த மின்னஞ்சலை அனுப்பியிருந்தாயே, அவசரப்படாதே. 2023-இல் ஹிந்தாவி பதிப்பகம் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது, பெரும்பாலும் சிறப்பிதழ்களில் வந்தவை. பெரிய பதிப்பகம் வாங்கி நடத்திய நிறுவனம்தான் அது. அந்த இதழின் எடிட்டர் யார், அவர் இந்தத் துறையில் என்ன எழுதியிருக்கிறார், சென்ற ஆண்டு அங்கே வந்த கட்டுரைகளில் நீ மேற்கோள் காட்டக்கூடியது ஒன்றாவது இருக்கிறதா என்று பார். கட்டணத்தைப் பற்றி உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் கேள். பதிப்பகத்தோடு ஒப்பந்தம் இருந்தால், இதழோடு கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் தொடர்பு ஆசிரியர் நீயாக இருக்கும் பட்சத்தில் கைக்காசு போட வேண்டியிருக்காது.

வெள்ளிக்கிழமைக்குள் மெத்தட்ஸை மட்டும் திருத்தி அனுப்பு. அது வரும்வரை டிஸ்கஷனில் நான் பென்சில் வைக்கப்போவதில்லை. அதற்கு முன்னால் அந்தக் கலசப்பாக்கத்துப் பெண்ணுக்குப் போன் போட்டு, ஓர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) பதிவு செய்து வைக்கச் சொல். அவளுக்கு எப்படி என்று தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இங்கே வரச் சொல், நான் செய்து கொடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா