மூலிகை மருந்து தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மூலிகை மருந்து தயாரித்து விற்பவர்களுக்கு,

வணக்கம். டப்பாவின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'இயற்கையானது, பக்கவிளைவு அற்றது' என்கிறீர்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரின் ஆலோசனை பெறவும்' என்கிறீர்கள். சரி, டப்பாவோடு மருத்துவரிடமே போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தச் செடி, வேரா இலையா, ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் என்று எதுவும் இல்லாத லேபிளைப் பார்த்து அவர்தான் என்ன சொல்வார்?

மூலிகை என்றாலே ஆபத்து என்று சொல்ல வரவில்லை. மசக்கைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1 கிராம் இஞ்சித்தூள் கொடுத்துப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. குமட்டல் ஓரளவு குறைகிறது. பிறவிக் குறைபாடுகள் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் இந்த அளவுக்குச் சோதிக்கப்பட்ட மூலிகைகள் சொற்பம்.

அதிமதுரத்தின் கதை வேறு. தாயின் ரத்தத்தில் உள்ள கார்டிசால் ஹார்மோன் அப்படியே சிசுவுக்குப் போய்விடாமல் நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி தடுக்கிறது. அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் என்ற பொருள் அந்த நொதியை முடக்கிவிடும். பின்லாந்து ஆய்வுகளில், கர்ப்ப காலத்தில் அதிமதுர மிட்டாய் நிறையச் சாப்பிட்டவர்களின் பிள்ளைகள் பின்னாளில் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கினார்கள். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் அந்நாட்டு அரசு சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கு அதிக அளவு அதிமதுரம் வேண்டாம் என்கிறது. உங்கள் இருமல் மருந்தில் அது எவ்வளவு இருக்கிறது?

அப்புறம், பால் சுரக்க என்று விற்கும் வெந்தய மாத்திரை. நீரிழிவு மருந்து எடுக்கும் தாய்க்கு அது சர்க்கரையை மேலும் இறக்கிவிடலாம். குழந்தையின் சிறுநீரில் இனிப்பு வாசனையும் வரலாம். ஓர் அரிய பிறவி நோயிலும் அதே வாசனை வரும் என்பதால், மருத்துவர்கள் அந்த நோயோ என்று சந்தேகித்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. லேபிளில் ஒரு வரி இருந்தால் அந்தப் பதற்றம் மிச்சம்.

'தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்களே' என்பீர்கள். அவர்கள் சாப்பிட்டது ஒரு சிட்டிகை. நீங்கள் அடைப்பது செறிவூட்டிய சாறு. போதாக்குறைக்கு, ஆரம்ப வாரங்களில் கரு கலைந்தால் காரணம் எந்தக் கஷாயம் என்று எந்தத் தலைமுறையும் கணக்கு வைத்திருக்காது.

தாவரவியல் பெயர், சேர்த்த பாகம், ஒரு வேளைக்கான அளவு மூன்றையும் அச்சிடுங்கள். கர்ப்பிணிகளிடம் ஆய்வு நடக்கவில்லை என்றால் அதையே எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்தில் ஈயம் போன்ற கன உலோகம் கலந்திருந்தால்? ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவுக்குப் போகும், தாய்ப்பாலிலும் கலக்கும். ஆகவே தயாரிக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் (batch) கன உலோகச் சோதனை செய்து, முடிவை யார் கேட்டாலும் காட்டுங்கள்.