சுத்தியலைப் பூட்டி வை, மாப்பிள்ளை

நாமக்கல்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. சாம்பலைச் சேமிக்கும் உயரமான தொட்டியான சைலோ அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் அதன் அடிக் கூம்பைச் சுத்தியலால் அடித்தே இறக்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தச் சுத்தியலை முதலில் பூட்டி வை. அடிபட்ட இடமெல்லாம் தகடு உள்பக்கம் புடைத்துக்கொள்ளும். வழுக்கி இறங்க வேண்டிய சரக்கு அந்தப் புடைப்பில்தான் தங்கும். அடுத்த முறை இன்னும் பலமாக அடிக்க வேண்டிவரும்.

நான் சந்தேகப்படுவது காற்றை. அடியில் உள்ள ஏரேஷன் துணி வழியாக ஏறும் காற்று காய்ந்திருந்தால்தான் சாம்பல் தண்ணீராய் ஓடும். கம்பிரசர் காற்றில் ஈரம் இருந்தால் துணியின் கண்கள் அடைந்துவிடும், மேலே சாம்பல் கட்டிபிடிக்கும். காற்றை உலர்த்தும் டிரையரையும் வடிகுழாயையும் பார். துணி இறுகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். கூரைமேல் இருக்கும் பை வடிகட்டியையும் விட்டுவிடாதே. மேட்டூர் அனல்மின் நிலையத்திலிருந்து வரும் டேங்கர் சாம்பலை அழுத்தக் காற்றில் ஏற்றும்போது அந்தக் காற்று வெளியேற வேறு வழி இல்லை. வடிகட்டி அடைத்து, பாதுகாப்பு வால்வும் துருவேறி இறுகிக் கிடந்தால் கூரையே பிய்த்துக்கொள்ளும். வால்வு தடையில்லாமல் தூக்குகிறதா என்று நீயே ஏறிப் பார்.

இங்கே தீவன ஆலையில் எங்களுக்குச் சாம்பல் இல்லை, மக்காச்சோளம். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டிய சோளத்தை ஏற்றினால் பூஞ்சை வரும். பூஞ்சை நஞ்சு தீவனத்தில் கலந்தால் கோழிக்கு ஈரல் கெடும், முட்டை குறையும். மழைக்கு முன்பே தகடுகளின் போல்ட் வாஷர்களைப் பார்த்துவிட வேண்டும். வெயிலில் ரப்பர் வெடித்து, அந்தக் கீறல் வழியே தண்ணீர் சுவரோடு இறங்கும். மாற்றுகிற போல்ட் அதிக வலிமையுள்ள 8.8 தரமாகவே இருக்க வேண்டும். கடைத்தெருவில் கிடைத்த சாதாரண போல்ட்டைப் போட்டு முடுக்குபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. மழை விட்ட பிறகும் ஈரம் விடாது. மார்கழியில் கூரைத்தகடு இரவில் குளிர்ந்ததும், சோளத்திலிருந்து எழும் வெப்பக்காற்று அதில் பட்டு வேர்த்துச் சொட்டும். மேல்பரப்பு ஓடு கட்டிவிடும். உள்ளே காற்றைச் செலுத்தும் காற்றாடியை நேரம் பார்த்து ஓட்டினால் இது வராது.

யான்சென் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1895-இலேயே தானியத்தை வைத்துச் சோதித்து எழுதியது நினைவிருக்கிறதா? சரக்கின் எடையில் பெரும்பங்கைச் சுவர்தான் உராய்வால் தாங்குகிறது என்பது அவர் கண்டது. பாலிடெக்னிக்கில் சூத்திரமாக மனப்பாடம் செய்தோம். அதன் பொருள் எனக்கு வேலையில்தான் விளங்கியது. லாரி அவசரத்தில் அடியிலுள்ள பக்க வாயிலை முதலில் திறந்தால் சரக்கு ஒரு பக்கமாக இறங்கும். சுவரில் அழுத்தம் ஏறுமாறாகி, நல்ல தகடும் உள்ளே வளைந்துவிடும். எப்போதும் நடு வாயில்தான் முதலில். நடுவில் தானாக வருவது நின்ற பிறகே பக்க வாயில். எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

இன்னொன்று, இதற்காகத்தான் அவசரமாக எழுதுகிறேன். கட்டியை உடைக்கக் கம்பியோடு ஆளை உள்ளே இறக்குவதாகச் சொல்கிறாய். உன் கையெழுத்தோடு அதற்கு அனுமதி போகக் கூடாது. மேலே ஓடு கட்டியிருக்கும், கீழே குழி விழுந்திருக்கும். அதில் கால் வைத்தவன் சரக்கோடு புதைந்துபோவான். இடுப்பளவு புதைந்தவனைக் கயிறு கட்டி இழுத்தாலும் வரமாட்டான். எங்களிடத்தில் பூச்சி மருந்து வைத்த பிறகு எழும் பாஸ்பீன் என்ற நச்சு வாயு வேறு. கட்டியை வெளியிலிருந்து, மேலிருந்து கீழாக உடைப்பதே வழி. இறங்கியே ஆக வேண்டும் என்றால் அடிவாயிலையும் மோட்டாரையும் பூட்டி, சாவியை இறங்குபவன் பையில் கொடு, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று மீட்டர் காட்ட வேண்டும். இடுப்பு வாரும் கயிறும், மேலே கண் எடுக்காமல் நிற்கும் ஓர் ஆளும் வேண்டும். இதற்கு நேரமாகும் என்று மேலாளர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். ஒப்பந்தக் கூலிக்கு வந்த பையனுக்கும் வீட்டில் தாய் காத்திருக்கிறாள்.

வீட்டில் எல்லோரும் நலம். மோகனூர்ப் பக்கம் ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது, வாழைக்குக் கவலையில்லை. தைப்பூசத்துக்குப் பழனி போகும் வழியில் இங்கே ஒருநாள் தங்கு. வரும்போது உங்கள் கூம்பின் வரைபடத்தை மறக்காமல் கொண்டுவா. சாய்வுக் கோணத்தை நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை