அகலத்தைப் பார்த்து ரோட்டவேட்டர் வாங்கி ஏமாறாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் சிறு விவசாயிகளுக்கான கருவிகள் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் ரோட்டவேட்டரை (டிராக்டரின் பின்னால் மாட்டி மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பை) பற்றிய பகுதியில் விலையும் மானியமும் இருந்த அளவுக்கு, எந்த டிராக்டருக்கு எத்தனை அடி அகலக் கருவி என்ற விஷயம் இல்லை. அது தெரியாமல் மாட்டிக்கொண்டவன் நான், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு மூன்று ஏக்கர். கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் கழனி, மீதி மல்லாட்டை (வேர்க்கடலை) போடுகிற கொல்லை. வைத்திருப்பது 24 குதிரைத்திறன் மினி டிராக்டர். கடைக்காரர் "ஐந்தடி எடுங்க, சீக்கிரம் வேலை முடியும்" என்றார், நானும் எடுத்துவிட்டேன். கொல்லையில் இறக்கியதும் கரும்புகை, இன்ஜின் திணறல். பி.டி.ஓ., அதாவது டிராக்டரின் பின்னால் கருவியைச் சுழற்றுகிற தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓட வேண்டியது, பாரம் தாங்காமல் இறங்கிப்போய் மண் பொடியாகாமல் கட்டி கட்டியாகவே கிடந்தது. இரண்டாவது தடவை ஓட்ட டீசல் இரண்டு மடங்கு. வரப்போரம் திரும்பும்போது கருவியைத் தூக்கினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும், அது ஒன்றே போதும் உயிர் பயத்துக்கு. ஒரு போகத்துக்குப் பிறகு நஷ்டத்துக்கு விற்றுவிட்டு மூன்றரை அடி வாங்கினேன். இப்போது ஒரே ஓட்டத்தில் மண் பதமாக வருகிறது.

டிராக்டரின் பேரில் போட்டிருக்கிற குதிரைத்திறன் முழுவதும் பி.டி.ஓ.வுக்கு வராது, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்தடிக்குப் பொதுவாக 40 குதிரைத்திறனை ஒட்டிய டிராக்டர் தேவைப்படும். அப்புறம், பின் டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து பாருங்கள். கருவி அதைவிடக் குறுகலாக இருந்தால் டயர் அமுக்கிய தடம் உழவு படாமல் நிற்கும். ஆக அகலம் கூடினாலும் கஷ்டம், குறைந்தாலும் கஷ்டம்.

கத்தியிலும் வித்தியாசம் உண்டு. களை மண்டிய கொல்லைக்கு எல் வடிவக் கத்தி, ஈரமான களிமண்ணுக்கு சி வடிவம். சேடை ஓட்டுகிறவர்கள் (நடவுக்குச் சேறடிப்பவர்கள்) கத்திகள் மாட்டிய சுழல்தண்டின் இரு முனையிலும் தண்ணீர் புகாமல் தடுக்கிற 'சீல்' வளையத்தைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும், சேற்றுத் தண்ணீர் உள்ளே போனால் பேரிங் போச்சு.

மானியம் பற்றி ஒன்று. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவருக்குக் கூடுதல் சதவீதம், மற்றவர்களுக்குக் குறைவு என்பதெல்லாம் சரி, ஆனால் அதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. மானியம் கிடைக்கிறதே என்று நம் டிராக்டருக்குப் பொருந்தாத அளவை எடுத்தால் நம் பங்குப் பணமும் வீண்தான்.

இன்னொன்றும் உங்கள் கட்டுரையில் வந்திருக்க வேண்டும். ரோட்டவேட்டர் நாலைந்து அங்குலத்துக்கு மேல் இறங்குவதில்லை. வருஷக்கணக்கில் அதே ஆழத்திலேயே ஓட்டினால் அடியில் மண் இறுகி, மழைத்தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நிற்கும், வேரும் போகாது. என் கொல்லையில் மண்வெட்டி போட்டுப் பார்த்தபோது அரை அடிக்குக் கீழே டங்கென்று சத்தம் வந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, இறுகிய அடிமண்ணைக் கீறி உடைக்கிற உளிக்கலப்பை விட வேண்டும். மினி டிராக்டர் அதை இழுக்காது, அதனால் நான் பெரிய டிராக்டரோடு வாடகைக்குத்தான் எடுக்கிறேன். வேளாண்மைப் பொறியியல் துறையிலும் வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்த இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு அகலத்துக்கும் தேவைப்படும் பி.டி.ஓ. திறன், கருவியின் எடை இரண்டையும் அட்டவணையாகப் போடுங்கள். கூடவே, பி.டி.ஓ. தண்டுக்கு மூடி இல்லாமல் விற்றால் வாங்க வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். எங்கள் பக்கம் பாதிப் பேர் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, இடுப்பில் துண்டும் வேட்டியுமாக அதன் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
போளூர் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்