நான் உனக்குச் சொல்லாத பாதி வசனம்

அன்பு மகன் தம்பிக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். நானும் அம்மாவும் தேவ கிருபையால் சுகம். நீயும் மருமகளும் குட்டியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

சென்னை போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னேன். மறுநாள் மத்தியானம் மருமகள்தான் பண்ணினாள். ராத்திரியில் கார் ஓட்டாதே என்று எத்தனை தடவை சொல்வது? விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் மதுரை தாண்டிய பிறகுதான் வெயில் ஏறும். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பெரிய அத்தை வீட்டு விஷயம் நீ சொன்ன மாதிரியே முடிந்தது, நேரில் சொல்கிறேன்.

கோயில் அசன விருந்தன்று வெயில் கடுமைதான். நற்கருணைக்கு வரிசையில் போகும்போது ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன். புங்கை மரத்தடியில் காரில் சாய்ந்து நின்றாய். முடித்துத் திரும்பி வரும்போதும் அங்கேயே நின்றாய். உள்ளே கூட்டம் அதிகம், புழுக்கம் வேறு. நான் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பந்தலில் போதகர் ஐயர் பக்கத்தில் வந்ததும் எழுந்து நின்று பேசினாயே, அம்மாவுக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

மருமகள் அம்மாவிடம் உன் ஆபீஸ் விஷயத்தைச் சொன்னாள். வராத சரக்குக்கு வந்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், நீ மாட்டேன் என்றுவிட்டாய், வர வேண்டிய பதவி உயர்வும் போய்விட்டது. கேட்டபோது நெஞ்சு நிறைந்தது தம்பி. ஆனால் அதைவிட ஒன்று என்னை உலுக்கிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குட்டியோடு இருட்டும்வரை மொட்டை மாடியில் பந்து விளையாடினாயாம். எந்த வருத்தமும் இல்லாமல் தூங்கினாயாம். இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அப்பாவிடம் சொல்ல உனக்கு ஏன் வாய் வரவில்லை?

ஏன் என்று குட்டிதான் சொன்னான். அசனத்துக்கு முந்தின நாள் திண்ணையில் உட்கார வைத்துப் பத்துக் கற்பனை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். "கற்பனைன்னா கதையா தாத்தா?" என்று கேட்டான். அவன் பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தைக்கு அதுதானே அர்த்தம். இல்லை ராசா, ஆண்டவர் சொன்ன கட்டளை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "தப்பாச் சொன்னா அடிப்பீங்களா? அப்பா சொன்னாங்க" என்றான். புத்தகத்தை மூடிவிட்டேன். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதம் 176 வசனம். அந்தக் கோடை லீவில் எட்டு எட்டாக 22 பகுதியையும் உனக்கு மனப்பாடம் பண்ண வைத்தேன். குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரிக்கும்போதே பிரம்பையும் எடுத்து வைப்பேன். வேதத்தில் பிரியமாயிருக்கிறேன், கற்பனைகளில் மகிழ்கிறேன் என்று வசனத்துக்கு வசனம் வருகிற சங்கீதம் அது. அதை நீ அழுதுகொண்டு சொன்னாய். எனக்கு அது உறைக்கவே இல்லை.

நாலாம் பகுதியின் கடைசி வசனத்தை மட்டும் நீ ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை. "நீர் என் இருதயத்தை விசாலமாக்கும்போது, நான் உமது கற்பனைகளின் வழியாக ஓடுவேன்." 'ஓடுவேன்' என்று வரும்போது உன் முகமே மாறும். காலையில் தேரியில் ஓடிவிட்டு வருவாய். அந்தச் செம்மணலில் நடப்பதே கஷ்டம், நீ பறப்பாய். திண்ணையில் சிவப்புச் சிவப்பாக உன் கால்தடம் இருக்கும். அதற்கும் ஏசியிருக்கிறேன்.

நீ பத்தாம் வகுப்பு படிக்கும்போது பாளையங்கோட்டையில் 400 மீட்டர் ஓட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில். உன் பி.டி. வாத்தியார் சனிக்கிழமை சைக்கிளில் வந்து என்னிடம் கெஞ்சினார். நான் ஏசாயா 58-ஐத் திறந்து, ஓய்வுநாளில் உன் இஷ்டமானதைச் செய்யாதே என்று உன் முன்னால் வாசித்தேன். எரிக் லிடலைப் பார் என்றேன். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று ஓட மாட்டேன் என்றவர், அப்புறம் 400 மீட்டரில் தங்கம் வாங்கினவர் என்றேன். மறுநாள் கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். பிரசங்கம் முழுக்க உன் கால் ஆடிக்கொண்டே இருந்தது. தொடையில் கை வைத்து அழுத்தினேன்.

திங்கட்கிழமையிலிருந்து நீ தேரிக்கு ஓடப் போகவில்லை. அதைப் பற்றியும் நான் கேட்கவில்லை.

தம்பி, லிடலுக்கு அப்போது 22 வயது. தீர்மானம் அவருடையது, அவர் அப்பா எடுத்துக் கொடுத்ததில்லை. உனக்குப் பதினைந்து வயது, தீர்மானம் என்னுடையது. அதுவும் கர்த்தருக்காக மட்டும் எடுத்ததா என்றால், இல்லை. சபையை நடத்துகிற சேகர கமிட்டியில் இருக்கிற ஹெட்மாஸ்டர் மகன் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நின்றால் சபையார் என்ன சொல்வார்கள் என்ற பயம். இதை இத்தனை வருஷம் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

குட்டி கேட்ட அன்று ராத்திரி அந்த ஏசாயா வசனத்தை மறுபடி எடுத்தேன். அதே வசனத்திலேயே, ஓய்வுநாளை "மனமகிழ்ச்சியின் நாளென்று" சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. நான் முதல் பாதியோடு நிறுத்திவிட்டேன். எனக்கே அந்த மற்றப் பாதி தெரியாமல்தான் வாழ்ந்திருக்கிறேன். லூக்கா 15-இல் கெட்ட குமாரன் கதையில் வருகிற மூத்த மகன், "ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்" என்று அப்பாவிடம் கணக்குச் சொல்கிறானே, அது என் குரல். பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை ரூபாய் குறையாமல் கவரில் போட்டேன், ஒரு ரூபாய் கூடவும் போட்டதில்லை.

ஆச்சியை நினைத்துப் பார்க்கிறேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அரிசி களையுமுன் ஒரு பிடி எடுத்துக் காணிக்கைப் பானையில் போடுவாள். போட்டபின் கையைப் பார்ப்பாள், உள்ளங்கையில் ஒட்டியிருக்கிற நாலு மணியையும் தட்டிவிடுவாள். அரை வயிற்றுக்குக் கஞ்சி காய்ச்சின நாளிலும் பாடிக்கொண்டே போடுவாள். அவருடைய கற்பனைகள் பாரமானவைகளல்ல என்று யோவான் எழுதினது அவளுக்குப் பொருந்தும். நீ மொட்டை மாடியில் பந்து விளையாடினாயே, உனக்கும் பொருந்தும். நான் அடித்துக் கொடுத்தது உன்னிடம் ஒட்டவில்லை. ஆச்சி கையிலிருந்து எப்படியோ உனக்கு வந்திருக்கிறது.

நற்கருணை ஆராதனையில் கட்டளை ஒவ்வொன்றும் வாசிக்கும்போது, இதைக் கைக்கொள்ள எங்கள் இருதயத்தை ஏவும் என்றுதானே சபை கேட்கிறது? அறுபது வருஷமாக அதைச் சொல்கிறேன். போன ஞாயிறுதான் 'இருதயத்தை' என்ற சொல்லில் எனக்குக் குரல் அடைத்தது. நீ பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

என்னை மன்னித்துவிடு தம்பி.

அடுத்த மாசம் லீவு கிடைத்தால் வா. வேளைக்குச் சாப்பிடு, சுகர் டெஸ்ட் எடு. குட்டிக்கு ஓட ஆசை இருக்கிறதாம், மருமகள் சொன்னாள். காலையில் அவனைத் தேரிக்குக் கூட்டிக்கொண்டு போ. மணல் காலோடு ரெண்டு பேரும் திண்ணையில் ஏறுங்கள், நான் தண்ணீர் எடுத்து வைக்கிறேன்.

பகலிலேயே கிளம்பி வா.

அன்புள்ள
அப்பா