யாழினிக்கு எந்தப் புத்தகம்?

திருவண்ணாமலை
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரி, வீடு என்று அலைந்ததில் இன்றுதான் உட்கார்ந்து பதில் எழுத முடிந்தது. அம்மா நன்றாக இருக்கிறாள். கட்டுப் பிரித்ததும் வீட்டுக்கு வந்து முதலில் பார்த்தது சமையலறைக் காலண்டரை. "இது இவ்வளவு நீலமாகவா இருந்தது?" என்று கேட்டாள். இத்தனை வருஷமாக அந்த நீலத்தைப் பார்க்காமலே இருந்திருக்கிறாளே என்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சரி, புகைப்படம் எடுக்கப் பழகும் யாழினிக்குக் கம்போசிஷன் சொல்லித்தர ஒரு புத்தகம் கேட்டிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். அவள் அனுப்பிய பன்னிரண்டு படங்களையும் நிதானமாகப் பார்த்தேன். உன் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை கட்டும் படத்திடம் மட்டும் மூன்று தடவை திரும்பி வந்தேன். முகம் சரியாக நடுவில் இருக்கிறது. மேலே பாதிப் படத்துக்கு வெறும் சுவர். துணி காயும் கொடிக்கயிறு ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியே வருவது போலப் போகிறது. பின்னால் சைக்கிள் சக்கரமும் பிளாஸ்டிக் வாளியும். கீழே, நார் சுற்றிய விரல்கள் பாதியோடு வெட்டுப்பட்டிருக்கின்றன. யாழினி கேமராவை எடுத்ததே அந்த விரல்களைப் பார்த்துத்தான் என்று பந்தயம் கட்டுகிறேன். விரலைப் பார்த்தவள் முகத்தில் ஃபோகஸ் வைத்து அழுத்திவிட்டாள். "படம் தெளிவாத்தான் இருக்கு, ஆனா என்னமோ குறையுது" என்று நீ எழுதியது இதைத்தான். தான் பார்த்ததை மட்டும் ஃபிரேமுக்குள் வைத்து, பார்க்காததை வெளியே தள்ளுவதுதான் கம்போசிஷன். அவளுக்குப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. அது புத்தகத்தில் கிடைக்காது, அதனால் நீ கவலைப்படவே வேண்டாம்.

நீ கேட்டது ஒரே ஒரு புத்தகம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரையன் பீட்டர்சன் எழுதிய 'லேர்னிங் டு சீ கிரியேட்டிவ்லி'. 1988-இல் முதலில் வந்தது, பிறகு திருத்திய பதிப்புகளும் வந்தன. புதிய பதிப்பாகப் பார்த்து வாங்கு. கோடு, வடிவம், இழையமைப்பு, திரும்பத் திரும்ப வரும் அமைப்பு, நிறம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டு போவார். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு அந்த ஆங்கிலம் சிரமம் தராது. அதைவிட முக்கியம், ஒரே காட்சியை இப்படி எடுத்தேன், அப்புறம் நகர்ந்து போய் இப்படி எடுத்தேன் என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு வேண்டியது அதுதான். முடிந்த படத்தை மட்டும் காட்டினால் "ஆகா, நமக்கு வராது" என்று புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்கள். சுமாரான படமும் பக்கத்திலேயே இருந்தால், இரண்டுக்கும் நடுவில் அவர் என்ன செய்தார் என்று பிள்ளைகள் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

கடையில் வேறு எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் இதே சோதனையை வை. நடுவில் ஒரு பக்கத்தைத் திற. படத்துக்குப் பக்கத்தில் இருப்பதைப் படி. கேமரா மாடல், ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் எண் மட்டும் இருந்தால் திரும்ப அடுக்கிலேயே வைத்துவிடு. எங்கே நின்றார், ஏன் குனிந்தார், எதற்காக அந்த மரத்தை விட்டுவிட்டார் என்று இருந்தால் அது வாங்க வேண்டிய புத்தகம்.

எல்லோரும் முதலில் சொல்வது மைக்கேல் ஃப்ரீமேனின் 'தி போட்டோகிராபர்ஸ் ஐ', 2007-இல் வந்தது. அருமையான புத்தகம், அதில் சந்தேகமே இல்லை. ஃபிரேமுக்குள் கண் எப்படி ஓடுகிறது என்று கோட்டுப்படம் போட்டுக் காட்டுவார், ஒரு காட்சியைப் படிப்படியாக எப்படி நெருங்கினார் என்று வரிசையாக வைப்பார். ஆனால் அடர்த்தி அதிகம். ஆயிரம் படமாவது எடுத்து, "ஏன் சரியாக வரவில்லை?" என்ற கேள்வி உள்ளுக்குள் அரிக்க ஆரம்பித்த பிறகு படித்தால் ஒவ்வொரு பக்கமும் பேசும். அடுத்த பிறந்தநாளுக்கு அதை நான் வாங்கித் தருகிறேன்.

ஒன்று கவனம். அதே தலைப்பில் 1966-இல் வந்த இன்னொரு புத்தகமும் இருக்கிறது. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் புகைப்படப் பிரிவை நடத்திய ஜான் சர்கோவ்ஸ்கி, 1964-இல் அங்கே வைத்த கண்காட்சியை ஒட்டி வெளியிட்டது. தம்பி மகனுக்காக நான் தலைப்பை மட்டும் பார்த்து ஆர்டர் செய்து, இதுதான் வந்து சேர்ந்தது. பாடப் புத்தகமே இல்லை. பொருள், நுணுக்கம், ஃபிரேம், நேரம், நிற்கும் இடம் என்று ஐந்து தலைப்பு, கொஞ்சம் எழுத்து, மீதியெல்லாம் படம். யார் எடுத்தது என்றே தெரியாத படங்களும் அதில் உண்டு. அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் எடுத்து வைத்துக்கொண்டேன், இன்றைக்கும் அடிக்கடி புரட்டுகிறேன். நீ ஆசிரியர் பெயரைப் பார்த்து வாங்கு.

ரூல் ஆஃப் தேர்ட்ஸ் பற்றிக் கேட்டிருந்தாய், அதாவது படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்லும் விதி. கேமராவிலேயே அந்தக் கட்டக்கோடு வருவதால் யாழினி அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெயரை முதலில் எழுதியது ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர், 1797-இல், இயற்கைக் காட்சி ஓவியங்களுக்காக. வானத்துக்கு ஒரு பங்கு, நிலத்துக்கு இரண்டு பங்கு என்கிற மாதிரியான பேச்சு அது. புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல்தான். நடுவிலேயே முகத்தை வைக்கும் பழக்கத்தை உடைக்க அது உதவும், அவ்வளவுதான். உன் மாமியார் படத்தில் முகத்தைக் கோட்டில் நகர்த்தி வைத்திருந்தாலும் கொடிக்கயிறு அங்கேயேதான் இருந்திருக்கும். இரண்டடி இடது பக்கம் நகர்ந்து முட்டி போட்டிருந்தால் கயிறு தலைக்கு மேலே போயிருக்கும், விரல்களும் உள்ளே வந்திருக்கும்.

ஊர்ப் பாசத்தில் ஒன்று சொல்கிறேன். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது ஹென்றி கார்ட்டியே பிரஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் இங்கே திருவண்ணாமலையில்தான் இருந்தார், அவருடைய கடைசி நாட்களைப் படம் எடுத்தார். பாரிஸில் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் படித்தவர். கம்போசிஷன் அவர் கைக்கு வந்தது ஓவியத்திலிருந்து. பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையே வைத்துக்கொண்டு வாழ்நாளை ஓட்டினார். அவருடைய 1952-ஆம் வருஷத்துப் புத்தகமான 'தி டிசைசிவ் மொமென்ட்'டை வாங்கச் சொல்லமாட்டேன், விலை அதிகம். எங்காவது நூலகத்தில் கிடைத்தால் ஒரு மதியம் முழுக்க உட்காரவை. நம் நாட்டுப் புகைப்படக்காரர் ரகுபீர் சிங்கின் படங்களும் கிடைத்தால் விடாதே. அம்பாசடர் காரின் கதவையும் கண்ணாடியையும் வைத்தே ஒரு படத்தை மூன்று நான்கு படங்களாகப் பிரித்திருப்பார். நம் தெரு மாதிரியான தெருதான், நெரிசல்தான். அதற்குள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் நிற்கும்.

புத்தகம் வந்து சேரும் வரைக்கும் யாழினிக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இந்தக் கவரில் கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று இருக்கும், பாதுகாப்பாக எடு. நடுவில் 72-க்கு 48 மில்லிமீட்டர் அளவில் சன்னல் வெட்டியிருக்கிறேன். பழைய பிலிம் ஃபிரேம் 36-க்கு 24, அதன் இரண்டு மடங்கு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணிலிருந்து சுமார் ஐந்தரை சென்டிமீட்டர் தூரத்தில் அட்டையைப் பிடித்தால், அவள் ஜூம் லென்ஸை 18 மில்லிமீட்டரில் வைத்தால் தெரிவது தெரியும். பதினாறரை சென்டிமீட்டருக்குத் தள்ளிப் பிடித்தால் 55-இல் தெரிவது. அவள் கேமராவில் பிலிமுக்குப் பதிலாகப் படத்தைப் பதியும் சென்சார் பிலிமைவிடச் சிறியது என்பதால் ஒன்றரை மடங்கு சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். நூல் ஒன்றை அட்டையில் கட்டி இரண்டு தூரத்துக்கும் முடிச்சும் போட்டிருக்கிறேன், முடிச்சைக் கன்னத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு வாரம் கேமராவைத் தொடவே கூடாது. அட்டையோடு வீட்டைச் சுற்றட்டும். பாட்டி பூக்கட்டும்போது எதிரே நின்று பார்க்கட்டும், உட்கார்ந்து பார்க்கட்டும், பக்கவாட்டில் போய்ப் பார்க்கட்டும். முதலில் நான்கு ஓரங்களிலும் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அப்புறம் நடுவைப் பார்க்கட்டும். எட்டாவது நாள் கேமராவை எடுத்து ஒரே ஒரு படம். அதை எனக்கு அனுப்பச் சொல், பிரின்ட் போட்டு அம்மாவிடம் காட்டுகிறேன். இப்போது அவளுக்குப் பூ வெள்ளையாகவே தெரியும்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. தீபத்துக்கு இந்த வருஷமாவது வா. கூட்டத்துக்குப் பயப்படாதே, எங்கள் மொட்டை மாடியிலிருந்தே மலை தெரியும்.

அன்புடன்,
கலா