அவுரித் தொட்டிக்கு ஒரு கூரை: நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த உறவுகளுக்கு,

ஆரையம்பதி தொடக்கம் மருதமுனை வரை, வீட்டு முற்றங்களிலும் பள்ளிக்கூட மரநிழல்களிலும் நடந்துவரும் சாயப் பட்டறையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இலை, பூ, தோல், சருகு ஆகியவற்றில் இருந்து சாயம் எடுத்துத் துணிக்கு ஏற்றுகிறோம். அதே சாயத்தைப் படச்சுருளுக்கும் ஏற்றிச் சிறு படங்கள் செய்கிறோம். இதைத் தொடக்கிவைத்தவர் கல்லடியில், சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பயின்ற எங்கள் ஊர்ப் பெண். பட்டறை தனியொருவர் பெயரில் ஓடக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. ஆதலால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை.

இப்போது இதற்கு ஒரு நிலையான இடம் வேண்டும். அதற்கு முதற் காரணம் நீலச் சாயம் தரும் அவுரிச் செடி.

வெங்காயச் சருகிலும் மாதுளந்தோலிலும் சாயம் எடுப்பது ஒரு நாள் வேலை. கிடாரத்தில் அவித்து, படிகாரம் ஊட்டிய துணியை அதில் ஊறவிட்டு, மாலையில் அடுப்பை அணைத்துவிட்டு வீடு போகலாம். அவுரி அப்படி விடாது. அதன் நீலம் வெறும் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் பனங்கட்டியும் சேர்த்து, மூடி வைத்து, அது கரையும் பதத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பதம் வந்த பிறகும் நாள்தோறும் பார்க்க வேண்டும், கிளற வேண்டும், சோர்ந்தால் மீண்டும் பனங்கட்டி கரைத்து ஊற்ற வேண்டும். மேலே செம்பு நிறத்தில் ஒரு படலம், அதன் நடுவே நீல நுரை, அடியில் மஞ்சட்பச்சை நீர்: இவை மூன்றும் தெரிந்தால் தொட்டி உயிரோடு இருக்கிறது.

அதில் முக்கி எடுத்த வெள்ளைத் துணி முதலில் பச்சையாகத்தான் வெளியே வரும். பிழிந்து விரித்தவுடன் ஓரங்களில் நீலம் படரத் தொடங்கும். மடிப்புக்குள் இருக்கும் இடம் மட்டும் இன்னும் பச்சையாக நிற்கும். மடிப்பை நீக்கினால் அதுவும் கண் முன்னாலேயே மாறும். படுவான்கரையில் இருந்து வந்திருந்த ஓர் அம்மா துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “சாயம் தொட்டியில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா?” என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. காற்றில் உள்ள ஒட்சிசன் பட்டால்தான் அந்த நீலம் நூலுக்குள் நிலைகொள்கிறது.

இப்படிப்பட்ட தொட்டியை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. முற்றம் மாறும் ஒவ்வொரு முறையும் நல்ல பதத்தில் இருந்த அவுரியைக் கைவிட வேண்டியிருக்கிறது. வேலை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு மனவருத்தம் என்று விளங்கும்.

படவேலைக்கு இருட்டறை வேண்டும். 16 மில்லிமீற்றர் படச்சுருளில் ஓர் அடிக்கு 40 சட்டங்கள், அதாவது 40 தனிப் படங்கள். திரையில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஆகவே பட்டறைக்கு வரும் ஒருவர் ஓர் அடி நீளத்தில் செய்யும் வேலை திரையில் இரண்டு நொடிகூட நிற்காது. ஆனாலும் அந்த ஓர் அடிக்காகப் பிள்ளைகள் மணிக்கணக்கில் குனிந்திருக்கிறார்கள். சலவைச் சோடாவும் விற்றமின் சி தூளும் கரைத்த நீரில் ஊறிய இலையைச் சுருளின் மேல் வைத்து வெயில் காட்டினால், இலையின் நரம்புகள் அப்படியே பதிகின்றன. கமராவே தேவையில்லை. கமராவில் எடுத்த கறுப்பு வெள்ளைச் சுருளைக் கோப்பித் தூளும் சலவைச் சோடாவும் கரைத்த நீரிலேயே கழுவலாம். சுருளின் மேலுள்ள ஜெலட்டின் படை சாயத்தை நன்றாக உறிஞ்சும். பேசாப் படக் காலத்தில் இரவுக் காட்சிக்கு நீலமும் தீக்காட்சிக்குச் சிவப்பும் இப்படித்தான் ஏற்றினார்கள். மஞ்சள் கிழங்கின் சாயம் வெயிலில் விரைவாக வெளிறும் என்பதால் நாங்கள் அதைத் துணிக்கு ஏற்றுவதில்லை. தகர டப்பாவின் இருளுக்குள் கிடக்கும் படச்சுருளுக்கு ஏற்றுகிறோம். செவ்வரத்தம் பூவுக்கும் அதே கதைதான்.

வாவிக்கரையில் வாழ்ந்துகொண்டு வாவியை அழுக்காக்கும் தொழிலைச் செய்ய எங்களுக்கு மனமில்லை. படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போக் கரைசலில் வெள்ளி கரைந்து சேரும். அது மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. அதைத் தனியாகச் சேர்த்து, வெள்ளியைப் பிரித்தெடுக்க ஓர் ஏற்பாடு கட்டிடத்தோடு சேர்ந்தே வரவேண்டும். முன்னர் பருத்தி வலைகள் உக்காமல் இருக்க, வாவியோரக் கண்டல் மரத்தின் பட்டையில் சாயம் காய்ச்சினார்கள். அது நல்ல சாயந்தான். இன்று கண்டலைக் காப்பதே முக்கியம். அதன் பட்டையை நாங்கள் தொடுவதில்லை. தேக்கிலை, தேங்காய் மட்டை, வேலிப் பூவரசின் பூ இவையே போதும்.

இன்னொன்று நீர். கரையோரக் கிணறுகளில் கோடையில் உவர் ஏறும். இரும்பு கலந்த நீரில் எந்த நிறமும் மங்கிப்போகும். மழைநீர் சாயத்துக்கும் படம் கழுவுவதற்கும் அருமையானது. கூரை நீரைச் சேர்க்கும் பெரிய தொட்டி எங்கள் திட்டத்தில் முதலிடத்தில் இருக்கிறது.

மருதமுனை நெசவாளர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் நிறைவாகாது. 2004 ஆழிப்பேரலை அந்த ஊரின் தறிகளையும் விட்டுவைக்கவில்லை. 2022 நெருக்கடியில் இறக்குமதி நூலும் சாயமும் எட்டாத விலைக்குப் போயின. அங்கிருந்து வரும் சகோதரிகள் நெசவைச் சொல்லித் தருகிறார்கள். நாங்கள் சாயத்தைப் பகிர்கிறோம். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே தொட்டியில் கை நனைக்கும் இடம் நம் மாவட்டங்களில் மிகக் குறைவு. இதை இழக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

ஆரையம்பதியில் ஒரு குடும்பத்தார் காணியை நீண்டகாலக் குத்தகைக்கு, வாடகை இல்லாமல் தந்திருக்கிறார்கள். சாயக்கொட்டில், இருட்டறை, மழைநீர்த் தொட்டி, கழிவு நீர் ஏற்பாடு அனைத்துக்கும் மேசன் தந்த மதிப்பீடு 24 இலட்சம் ரூபாய். 9 இலட்சம் சேர்ந்திருக்கிறது. மீதியை உங்களிடம்தான் கேட்கிறோம். நூறு ரூபாய் என்றாலும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் பட்டறை வாசலில் ஒட்டப்படும்.

பொருளாகத் தருவதையும் மகிழ்ச்சியோடு ஏற்போம். பெரிய சில்வர் கிடாரங்கள் (சாயம் காய்ச்சியபின் சமையலுக்கு ஆகாது என்பதை நினைவில் வைத்துத் தாருங்கள்), பழைய வெள்ளை வேட்டிகள், பருத்திச் சேலைகள், கடைகளில் ஒதுக்கும் வெங்காயச் சருகு. புலம்பெயர்ந்த உறவுகளே, உங்கள் வீட்டு நிலவறையிலோ அயலவரிடமோ 16 மில்லிமீற்றர் புரொஜெக்டரோ காலாவதியான படச்சுருளோ கிடந்தால் ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துவிடும். அதற்கு முன் கூரையும் தொட்டியும் நின்றால் இந்த மாரி நீரையே சேர்த்துவிடலாம்; தவறினால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். ஆகவே பணமாகத் தருபவர்கள் ஆவணி முடிவதற்குள் தந்துதவும்படி கேட்டுக்கொள்கிறோம். வங்கிக் கணக்கு விபரத்தைக் குழுவின் செயலாளரிடமோ பொருளாளரிடமோ நேரில் பெற்றுக்கொள்ளலாம்.

பட்டறைக் குழுவினர்,
ஆரையம்பதி, மட்டக்களப்பு