கைகொடுத்தவர்களுக்கு, பொகவந்தலாவையிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காமார், அண்ணன்மார், பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தையல், நெசவு நிலையத்தில் படித்த பிள்ளைகளுக்கு என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் வந்துவிட்டது. கூட்டம் வைத்து நன்றி சொல்லலாம் என்றார்கள். கூட்டம் என்றால் வழக்கமாக மாலை வாங்குகிறவர்களுக்கே மறுபடியும் மாலை விழும். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, காமன்ட் என்கிற ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஊர் திரும்பிய அக்காமாருக்கு. கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் 1978-இல் தொடங்கியது. அங்கே போய்த் தைத்த மலையகப் பெண்கள் எத்தனையோ பேர். கல்யாணம், பிள்ளை என்று திரும்பி வந்ததும் அந்தத் தொழில் லயத்துக்குள், தோட்டத்து வரிசை வீட்டுக்குள், முடங்கிவிடும். கொலர் வைப்பதில் கெட்டிக்காரி மறுபடி கொழுந்து எடுக்கப் போவாள். கையில் தொழில் உண்டு, காட்டக் காகிதம் இல்லை. வகுப்புக்குப் போகாமலே, தெரிந்ததைச் செய்து காட்டித் தகைமை பெறும் வழி என்.வி.கியூ. முறையில் இருக்கிறது. அதை எங்களுக்குச் சொல்லி, படிவத்தையும் நிரப்பித் தந்த பயிற்சி உத்தியோகத்தர் ஐயாவை மறக்க மாட்டோம். இன்றைக்கு அந்த அக்காமார்தான் எங்கள் ஆசிரியைகள். ஜூக்கி தையல் மெசினில் நூல் கோப்பதிலிருந்து, ஒரு சட்டையை எத்தனை வேலையாகப் பிரித்தால் வரிசை தேங்காமல் ஓடும் என்பது வரை அவர்களே சொல்லித் தந்தார்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்து அம்மா, தோட்ட வேலைக்குப் பேர் பதியாத தாய்மாரின் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொண்டிராவிட்டால் வகுப்பில் பாதிப் பேர் இருந்திருக்க மாட்டார்கள். திட்டம் எழுதுகிறவர்கள் மெசினுக்குக் காசு ஒதுக்குகிறார்கள். பிள்ளை பார்ப்பவருக்கு ஒதுக்குவதில்லை. (மெசின் தந்தவர்களுக்கும் நன்றிதான். படம் எடுத்த கையோடு ஒரு பெட்டி ஊசியும் தந்திருக்கலாம்.)

கண்டிப் பக்கத்து மெனிக்கின்னையிலிருந்து பஸ் மாறி மாறி வந்த நெசவு மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் ஊர்ப் பக்கத்துத் தும்பரைப் பாய் நெசவு 2021-இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. ஹண என்ற செடியின் நாரில் பழகிய கை அவருடையது. எங்கள் பருத்தி நூலைப் பார்த்து முதலில் முகம் சுளித்தார். பதங்கி என்ற சாயமரக் கட்டையில் சிவப்பு எடுத்துக் காட்டிவிட்டு, “உங்களிடம்தான் தேயிலை இருக்கிறதே” என்றார். தேயிலையில் உள்ள டனின் பருத்தியில் பழுப்பாகப் பிடிக்கும். துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரில் அதையே தோய்த்தால் சாம்பல் கறுப்பாகிவிடும். இரும்பு கூடினால் நூல் இற்றுப்போகும் என்று எச்சரித்தவரும் அவர்தான். எங்கள் சால்வையின் நிறம் இப்படி வந்தது. தொழிற்சாலையில் கழிக்கிற தூளை முறைப்படி எழுதித் தந்த தோட்ட நிர்வாகத்துக்கும் நன்றி.

இயற்கைச் சாயமே ஆனாலும் ஓடையில் விடக்கூடாது என்று பிடிவாதமாக நின்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயாவுக்கு நன்றி. இங்கே ஓடையில் விடுவது கெசல்கமு ஓயா வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய், களனி கங்கையில் சேர்ந்து, கொழும்பில் குடிநீராகிறது. மணலும் கரியும் போட்ட வடிகுழியை வெட்டியது லயத்துப் பொடியன்கள். தேத்தண்ணியும் ரொட்டியும்தான் கூலி.

2022-இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில், வீட்டில் மூடிவைத்திருந்த மிதி மெசின்களைத் தந்த பாட்டிமாரே, உங்களால்தான் தையல் நிற்கவில்லை. அவை இன்னும் எங்களிடமே இருக்கின்றன. பெல்ட் மாற்றி, எண்ணெய் விட்டு அனுப்பிவைக்கிறோம்.

வெளிநாட்டு ஓடரை மட்டும் தைத்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். 2010-இல் ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதித் தீர்வைச் சலுகை போய், 2017-இல்தான் திரும்பி வந்தது. அந்தத் தீர்மானம் எதுவும் லயத்தில் எடுக்கப்படுவதில்லை. ஓடர் வந்தால் சரி, தைப்போம். ஆனால் அரசாங்கம் தருகிற பள்ளிக்கூடச் சீருடைத் துணியையும், கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்கையும் இங்கேயே தைக்கலாம். எங்களிடம் முதலில் தைக்கத் தந்த பெற்றோருக்கு அதனால் தனி நன்றி.

கடைசியாக, அட்டன் துணிக்கடை முதலாளிக்கு. கடன் கொப்பியில் எங்கள் பக்கம் நீண்டுபோனதைப் பொறுத்துக்கொண்டீர்கள். பொங்கல் ஓடர் காசு வந்ததும் முதல் வேலை அதுதான். அதுவரைக்கும் கறுப்பு நூல் இன்னும் இரண்டு பெட்டி தேவைப்படும்.

இப்படிக்கு,
நிலையத்துப் பெண்கள்